நான்கு விரல் கீழே

உடுப்புப் பட்டியலை வாசித்தாலே ஒரு நாடகம் யாருடைய வயிற்றைக் கலக்கப் போகிறது என்பது சோலிங்குக்குத் தெரிந்துவிடும். மணிலாக் கடற்கரை அரங்கின் உடுப்பறையில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவள் அவள். ஆண் அளவில் மணப்பெண் கவுன் ஒன்று கேட்கப்பட்டிருந்தால் ஏதேனும் ஒரு மறைமாவட்டத்திலிருந்து கண்டனக் கடிதம் வரும். தளபதிக்கு மேற்சட்டை மட்டும் இருந்து கால்சட்டை இல்லாமற்போனால் செனட்டில் யாராவது எழுந்து பேசுவார்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும், மழை கூரையை அறையத் தொடங்கும் நாட்களில், 'முதல்மேடை' விழா நடக்கும். எந்த மேடையும் அதுவரை ஏறாத பன்னிரண்டு குறுநாடகங்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைத்திராது, மீதிப் பாதிப் பேருக்கு வேறு யாரும் மேடை தரமாட்டார்கள். விழா முடிந்தபின், சச்சரவைக் கிளப்பிய உடுப்புகளை மட்டும் சோலிங் துவைத்து, தனிக் கம்பியொன்றில் மாட்டி, சீட்டு எழுதித் தொங்கவிடுவாள். 'ஆயர் கடிதம்.' 'செனட் உரை.' 'கல்லெறி, இரண்டாம் காட்சி.' வேறு அரங்குகளின் உடுப்பறைகள் தங்கள் பட்டுகளையும் சரிகைகளையும் காட்டிப் பெருமைப்படும். அவளுடைய பெருமை அந்தக் கம்பி.

இந்த ஆண்டு அந்தப் பெருமை தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. நானூறு பிரதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டில் அவளுடைய மகள் அமிஹானின் நாடகமும் ஒன்று. மீன்காரி முதல் ஜீப்னி ஓட்டுநர் வரை சோலிங் சொல்லாத ஆளில்லை. "என்ன கதை?" என்று அவர்கள் கேட்டால், அதுதான் அவளுக்கும் தெரியாது. "மேடையில பாரும்மா" என்று மகள் பிரதியைக் காட்ட மறுத்திருந்தாள். நாடகத்தின் பெயரையும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆகவே உடுப்பு வடிவமைப்பாளன் ஆர்னெல் பட்டியலைக் கொண்டுவந்து தையல் மேசைமீது வைத்தபோதுதான் சோலிங் மகளின் நாடகத்தை முதன்முதலாக வாசித்தாள்.

'தாய்: பூப்போட்ட வீட்டு உடுப்பு. கழுத்தில் அளவு நாடா. தந்தை: நீல அரைக்கைச் சட்டை, காலருடன், முதுகில் வண்டி எண் பதினேழு. இரண்டு பிரதிகள். ஒன்றில் குண்டுத் துளை, மார்பு.'

அவள் கழுத்தில் கிடந்த நாடாவைக் கை தானாகப் பற்றியது. அது நாடகத்தின் பட்டியல் அல்ல. அவளுடைய வீட்டின் கொடியில் ஒரு காலத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் பட்டியல். பயணிகளை ஏற்றும் மூன்று சக்கர ட்ரைசைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் நீலச் சட்டை, எண் பதினேழு, அவளுடைய கணவன் டெல்ஃபினுடையது.

"என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? அந்த நீலம் கிடைக்காதா?" என்றான் ஆர்னெல்.

"நீலம் கிடைக்கும்."

"அப்புறமென்ன? துளை இதோ வரைஞ்சிருக்கேன் பாருங்க. இடது மார்பு, ரெண்டாம் பொத்தானுக்கு நேரா. உங்க பொண்ணு நாடகம்கா, இந்த வருஷம் உங்க கம்பியில இன்னொரு சட்டை ஏறப்போகுது. பந்தயம் கட்டுறேன்."

அவன் போனபின்பும் அவள் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளை தவறான இடத்தில் இருந்தது. உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள் அவள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இதே விழாவின் ஒத்திகை வாரத்தில் அது நடந்தது. பதினொரு வயது அமிஹான் பள்ளி விட்டு வந்து உடுப்பறையின் மேலங்கிக் குவியல்மேல் உறங்கிக்கொண்டிருந்தாள். போதைப்பொருள் வேட்டை என்று வந்தவர்கள் வீட்டு வாசலில் டெல்ஃபினைச் சுட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்தவர் யாருமில்லை, இருந்தாலும் சொல்வாரில்லை. காவல் நிலையத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். 'சந்தேகத்துக்குரியவர் அதிகாரியின் துப்பாக்கியைப் பறித்துப் போராடினார்' என்றிருந்தது. கையெழுத்திட்டால்தான் உடலைத் தருவார்கள். இட்டாள்.

சவச்சாலையில் உடலை வேறெவரையும் தொட விடாமல் அவளே சட்டையைக் கழற்றினாள். கழற்றுமுன், மேடையேறக் காத்து நிற்கும் ஒரு நடிகனுக்குச் செய்வதுபோல, பழக்கத்தினால் சட்டையை இழுத்து நேராக்கினாள். பிறகு பொத்தான்களைக் கழற்றியபோது கண்டாள். காயம் நெஞ்சில் இருந்தது. சட்டையின் துளை அதற்கு நான்கு விரல் கீழே இருந்தது.

வேறொருத்தி அதைக் கவனித்திருக்கவே மாட்டாள். சோலிங்கின் தொழிலோ அதைக் கவனிப்பதுதான். வாள் ஓங்கும் நடிகனுக்கும் சிலுவையில் தொங்கும் நடிகனுக்கும் சட்டையை நீளமாகத் தைக்க வேண்டும். கையைத் தூக்கினால் துணி மேலே ஏறும். டெல்ஃபினின் சட்டை மேலே ஏறியிருந்தபோது குண்டு பாய்ந்திருக்கிறது. கை இறங்கியபோது துணியும் இறங்கித் துளையைத் தன்னோடு கொண்டுபோயிருக்கிறது. அவன் எதையும் பறிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நின்றிருக்கிறான்.

அந்தச் சட்டையை அவள் துவைக்கவில்லை. பழுப்பு உறையிலிட்டு, 'ஓட்டுநர், பழையது, யாருக்கும் கொடுக்க வேண்டாம்' என்று சீட்டெழுதி, நாலாயிரம் உடுப்புகளுக்கு நடுவில் மாட்டிவிட்டாள். வீட்டைச் சோதனையிட இரண்டுமுறை வந்தார்கள். அரங்கின் உடுப்பறையில் ஒரு சட்டையைத் தேட எவருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: பிறர் கையால் செத்தவனின் சவப்பெட்டிமேல், முகம் தெரியும் கண்ணாடிக்கு மேலே, உயிருள்ள ஒரு கோழிக்குஞ்சை விடுவார்கள். அது கொத்தும் ஒவ்வொரு கொத்தும் கொன்றவனின் மனத்தைக் கொத்த வேண்டும் என்பதற்காக. மாமியார் குஞ்சோடு வந்தபோது சோலிங் கையைப் பிடித்துத் தடுத்தாள். துக்க வீட்டில் இரவு விழித்திருப்பவர்கள் சீட்டாடும் மேசையில் முன்பின் அறியாத இருவர் காபி குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சை விட்டால் கொலை என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். கையெழுத்து வேறு கதையைச் சொல்லியிருந்தது. "வேண்டாம்" என்றாள். சிறுமி அமிஹான் அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏனென்று கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை.

மகள் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள் என்பது சோலிங்குக்கு விழாவுக்கு ஐந்து நாள் முன்பு தெரியவந்தது. மேடையில் பேசுவது உடுப்பறையிலும் கேட்கும்படி சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. நீலச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, மகளாக நடிப்பவளின் குரல் அதில் வந்தது:

"எங்கப்பா பெட்டிமேல குஞ்சு விடலை. ஏன்னா அவரை யாரும் கொலை பண்ணலை. அவர் சண்டை போட்டுச் செத்தார். துப்பாக்கியைப் பிடிச்ச கையோட செத்தார்."

சோலிங்கின் ஊசி பாதித் துணியில் நின்றது. இயக்குநர் ஜெரோனிமோ கைதட்டுவது கேட்டது. "இதான்! இதுவரைக்கும் எவனும் இப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் 'அவர் அப்பாவி'ன்னு அழுவாங்க. நீ 'ஆமா, எதிர்த்தார், எதிர்க்க உரிமை இருக்கு'ங்கிற. நாளைக்கே நம்ம மேல வழக்கு போடுவாங்க, பாத்துக்கிட்டே இரு!"

துணிச்சலான நாடகம்தான். ஆனால் மகள் வீரமாக்கி மேடையில் வைத்திருந்தது, தாய் கையெழுத்திட்ட அதே வாக்கியத்தை. சுட்டவர்களின் வாக்கியம் அது.

நான்கு நாட்கள் அவள் இரண்டு மனத்தோடு இருந்தாள். துளையை ஆர்னெல் வரைந்த இடத்தில் இட்டுவிட்டால் எந்தத் தொல்லையுமில்லை. மகள் புகழ் பெறுவாள், அவளுடைய அப்பா துப்பாக்கியைப் பிடித்தவராகவே இருப்பார். சரியான இடத்தில் இட்டால் மகள் பத்து ஆண்டுகளாகக் கட்டிய அப்பா இடிந்துவிடுவார். பழுப்பு உறை வெளியே வந்தால் பழைய ஆட்களும் வெளியே வரலாம். ஐந்தாம் நாள் ஊதுவத்தியைக் கொளுத்தினாள். குண்டுத் துளைகளை எப்போதும் அப்படித்தான் சுட்டெடுப்பாள். ஆர்னெலின் வரைபடப்படி இட்டிருந்த சாக்பீஸ் குறிமேல் வத்தியின் முனை சிறிது நேரம் தயங்கியது.

அந்த அறையிலிருந்து பொய்யான அளவில் ஒரு துணிகூட மேடைக்குப் போனதில்லை. குறிக்குக் கீழே நான்கு விரலை வைத்து அளந்தாள். அங்கே சுட்டாள்.

அரங்கேற்ற நாள் காலை பத்து மணிக்குக் கடைசி ஒத்திகை. முதல் காட்சி மதியம் மூன்று மணிக்கு. சோலிங் மணிக்கட்டில் ஊசிமெத்தையைக் கட்டிக்கொண்டு திரையோரம் நின்றாள். தந்தையாக நடித்த ருஃபீனோ துப்பாக்கியைப் பற்றி இழுத்தான், வெடிச்சத்தம் கேட்டது, உள்ளங்கையில் மறைத்த நூலை இழுத்துத் துளையை மறைத்திருந்த சிறு துணி மூடியைப் பிய்த்தான், நெஞ்சிலிருந்த ரத்தப் பையை அழுத்தியபடி விழுந்தான். துளையில் ஒரு துளியும் வரவில்லை. காலருக்குள் ஏதோ கசிந்தது. செத்தவன் தலையைத் தூக்கினான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க, நான் இன்னும் சாகலை! டைரக்டர், பை நெஞ்சுல இருக்கு, ஓட்டை வயித்துல இருக்கு. குண்டு எனக்குப் பட்டுதா, காலையில தின்ன கஞ்சிக்குப் பட்டுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்னெல் மட்டும் ஓடிவந்தான். "அக்கா, நான் எங்கே வரைஞ்சேன், நீங்க எங்கே போட்டீங்க? இத்தனை வருஷத்துல ஒரு பொத்தானைக்கூட இடம் மாத்தித் தைச்சவங்க இல்லையே நீங்க!"

"விடுப்பா, நேரமிருக்கு" என்றார் ஜெரோனிமோ. "சோலிங் அக்கா, இதை அடைச்சிட்டு மேல ஒண்ணு போட்டுக் குடுத்திடுங்க."

"துளை சரியாத்தான் இருக்கு, டைரக்டர்."

"அக்கா, ரத்தமே வரலை."

"கைதான் தப்பா இருக்கு." அவள் மேடைக்கு நடந்தாள். ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் அந்தப் பலகைகளை மிதித்தது அதுவே முதல்முறை. "ருஃபீ, எழுந்திரு. துப்பாக்கியை விடு. ரெண்டு கையையும் தூக்கு. இன்னும் தூக்கு. காதுக்கு மேல."

ஏதோ வேடிக்கை என்று எண்ணி ருஃபீனோ இளித்துக்கொண்டே தூக்கினான். நீலச் சட்டை இடுப்பைவிட்டு ஏறியது. துளையும் அதனோடு ஏறி, நெஞ்சின் சிவந்த பைமேல் வந்து, அளந்து வைத்ததுபோல் நின்றது. ரத்தம் வழிந்தது. அவனுடைய இளிப்பு மறைந்தது. கையை இறக்க அவனுக்குத் தோன்றவில்லை.

நான்காம் வரிசையில் அமிஹான் எழுந்து நின்றாள். "அம்மா. இதை உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. சட்டையைக் கழட்டினது நான்தான்."

அவள் உடுப்பறைக்குப் போய்ப் பழுப்பு உறையோடு திரும்பினாள். மகள் அதன் சீட்டை வாசித்தாள். உறையைத் திறக்காமலே நிமிர்ந்தாள்.

"இதுக்குக் கீழ உக்காந்துதானே நான் வீட்டுப்பாடம் எழுதினேன்?"

"ஆமா."

"பத்து வருஷமா வாயைத் திறக்கலையே நீ! பள்ளிக்கூடத்துல 'உங்கப்பன் போதை வித்தவன்'னு சொன்னப்பல்லாம், 'எங்கப்பா சண்டை போட்டுச் செத்தார்'னு சொல்லித்தான் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். குஞ்சு விடலையே, அதனால கொலை இல்லைன்னு..." அவள் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். "எங்கப்பாவைச் சின்னதாக்கிட்டியேம்மா."

"குஞ்சு விடாதது என் பயத்துல. அதுக்காக நீ என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா அவரைச் சின்னவர்னு சொல்லாதே. கையில ஒண்ணும் இல்லைன்னு தூக்கிக் காட்டினார்டி அந்த மனுஷன். அதைப் பாத்துட்டும் சுட்டானே, அவன்தான் சின்னவன். நீ தலை நிமிர்ந்து நடக்கிறதுக்கு உங்கப்பா துப்பாக்கியைப் பிடிச்சிருக்கணும்னு எவன் சொன்னான்?"

மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஜெரோனிமோ மேடையோரம் வந்தார். "அமி, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா பிரதியைப் பூட்டியாச்சும்மா. விழாப் புத்தகம் அச்சாகி வாசல்ல விக்குது. ஒரு வசனத்தை மாத்தினாலும் நாடகம் போட்டியிலிருந்து போயிடும். விழாவோட முதல் விதியே அதுதான்."

அமிஹான் இப்போது உறையைத் திறந்தாள். சட்டையை மடியில் விரித்து, துளையின் ஓரத்தை ஒரு விரலால் சுற்றினாள். சோலிங் அவளுடைய முகத்தையே பார்த்தாள். சிறுவயதில் கடினமான கணக்குப் போடும்போது வரும் அதே முகம். கீழுதடு பல்லுக்குள் போயிருந்தது.

"வார்த்தை ஒண்ணையும் மாத்த வேண்டாம் டைரக்டர்," என்றாள் மெதுவாக. "போலீஸ்காரன் அறிக்கையை அப்படியே வாசிக்கட்டும். 'துப்பாக்கியைப் பறித்துப் போராடினார்'னு. வாசிக்கிற நேரம் முழுக்க ருஃபீ அண்ணன் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். அப்புறம் பொண்ணு, 'குஞ்சு விடலை, ஏன்னா கொலை இல்லை'ன்னு சொல்றா இல்லையா, அதையும் அப்படியே சொல்லட்டும். அவ சொல்லி முடிச்சதும் அம்மா வருவா. அந்தக் காட்சியில அம்மாவுக்கு வசனமே கிடையாது. சும்மா வந்து குஞ்சை விட்டுட்டுப் போகட்டும்."

ஜெரோனிமோ விழாவின் விதித்தாளைப் புரட்டினார். "விதியில... செய்கையைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அரங்கமே அதிரக் கத்தினார்: "யாராவது போய் ஒரு கோழிக்குஞ்சு வாங்கிட்டு வாங்கய்யா!"

சோலிங்குக்கு நெஞ்சு நிறைந்தது. அரை மணி நேரத்துக்கு முன் உடைந்துபோனதை மகள் துண்டு துண்டாகப் பொறுக்கி, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், முன்னதைவிடக் கூரான ஒன்றாக ஆக்கிவிட்டிருந்தாள். நானூறில் பன்னிரண்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எவ்வளவு குறைவான பெருமை என்று அவளுக்கு இப்போது பட்டது.

குஞ்சு ஒன்றரை மணிக்குச் சந்தையிலிருந்து காலணிப் பெட்டியில் வந்து சேர்ந்தது. ஆர்னெலின் விலையுயர்ந்த சப்பாத்தின்மேல் முதல் வேலையாக எச்சமிட்டது. "வந்த அஞ்சாம் நிமிஷத்துல விமர்சனம் எழுதிடுச்சு பாரு" என்றான் ருஃபீனோ.

மூன்று மணிக் காட்சிக்கு இருக்கைகள் நிறைந்து, மாணவர்கள் படிகளில் உட்கார்ந்தார்கள். அறிக்கை வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, மேலே தூக்கிய கைகளைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கைகள் நடுங்கத் தொடங்கும்வரை வாசிப்பு நீண்டது. வெடித்தது, சரியான இடத்தில் சிவந்தது. பின்னர், தாயாக நடித்தவள் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து, பெட்டியின் கண்ணாடிமேல் குஞ்சை விட்டாள். அது இரண்டு எட்டு நடந்து, நின்று, குனிந்து கொத்தியது. டிக். மறுபடி டிக். அறுநூறு பேர் அந்த ஓசைக்காக மூச்சைப் பிடித்திருந்தார்கள். திரையோரத்தில் நின்ற சோலிங், பத்து ஆண்டு தாமதமாகத் தன் கணவனுக்குச் செய்யப்படும் அந்த மரியாதையை நிமிர்ந்து நின்று கேட்டாள்.

ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் எழுதியவர் மேடையில் அமர்ந்து பார்வையாளர்களின் கேள்விகளைச் சந்திப்பது விழாவின் வழக்கம். கைதட்டல் அடங்கியதும் ஏழாம் வரிசையிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல நாடகம். ஆனா அரசு அறிக்கையில ஒண்ணு இருக்கு, நீங்க வேற ஒண்ணைக் காட்டுறீங்க. கைதூக்கி நின்னார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கற்பனையா? இல்ல, யாராவது சாட்சி சொன்னாங்களா?"

அமிஹானின் பார்வை திரையோரத்துக்கு வந்து தாயின்மேல் ஒரு கணம் நின்றது; பிறகு வேண்டுமென்றே விலகிக்கொண்டது. "சொல்ல முடியாத ஒருத்தர்..." என்று தொடங்கினாள். தாயைக் காப்பதற்காக அவள் இன்னொரு பொய்க்கு ஆயத்தமாகிறாள் என்பது சோலிங்குக்குப் புரிந்தது. பத்து ஆண்டுகளாகத் தான் செய்ததும் அதுவே அல்லவா?

உடுப்பறைக்காரர்கள் பார்வையாளர்முன் வருவதில்லை. சோலிங் வந்தாள். கழுத்தில் நாடா, மணிக்கட்டில் ஊசிமெத்தை, கைமேல் பழைய நீலச் சட்டை. வெளிச்சத்தில் கண் கூசியது. மகளின் நாற்காலியருகே நின்றாள்.

"என் பேரு கொன்சோலாசியோன், இங்கே சோலிங்னு கூப்பிடுவாங்க. இங்கே துணி தைக்கிறவ. இந்தப் பொண்ணோட அம்மா." குரல் முதலில் சிறிதாகத்தான் வந்தது. "அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டது நான். உடம்பு வேணும்னு போட்டேன். இந்தச் சட்டையை அவர் உடம்புலேருந்து கழட்டினதும் நான். காயம் நெஞ்சுல இருந்தது, சட்டையில ஓட்டை நாலு விரல் கீழ. அளவு விஷயத்துல நான் தப்புப் பண்ணமாட்டேன் சார். இருபத்திரண்டு வருஷமா இந்த மேடையில யாரைவேணா கேளுங்க."

கேட்டவர் உட்காரவில்லை. சோலிங் சட்டையைத் தோளில் பிடித்து அவருக்கு நேரே விரித்தாள். பொத்தான் வரிசைக்கு அருகில், நெஞ்சுக்கு நான்கு விரல் கீழே, கறுத்த ஓரமுள்ள துளை எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு இரண்டு கைப்பகுதிகளின் நுனியையும் பிடித்து, மெல்ல, தன் தலைக்கு மேலே உயர்த்தினாள். அமிஹான் எழுந்து வந்து ஒரு பக்கத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

மேடையின் நடுவில், நிறைந்த அரங்கின்முன், எண் பதினேழு கைதூக்கி நின்றது.